எழுதப்படாத நூலும் அச்சேறிய அளவீடும்

1894ஆம் ஆண்டு ஜனவரி 4 அன்று, ஜெனீவாப் பேராசிரியர் ஃபெர்டினாண்ட் டி சசூர், பாரிசில் தம்மிடம் பயின்ற அந்துவான் மெய்யேவுக்கு ஒரு கடிதம் எழுதினார். மொழி குறித்துப் பொருளுள்ள பத்து வரிகளை எழுதுவதே பெரும்பாடாக இருக்கிறது என்று அதில் ஒப்புக்கொண்டார். மொழியியலில் வழங்கும் கலைச்சொற்களுள் ஒன்றுகூடத் தமக்குப் பொருளுடையதாகத் தோன்றவில்லை. அதனை விளக்க ஆர்வமின்றியேனும் ஒரு நூல் எழுத நேரும். அதன் பின்னரே விட்ட இடத்திலிருந்து தம் பணியைத் தொடர இயலும் என்பது அக்கடிதத்தின் சாரம். அந்நூலை அவர் கடைசிவரை எழுதவில்லை.

இதனைச் சோம்பல் எனக் கொள்வதற்கு இடமில்லை. இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் தொல் உயிரொலி அமைப்பைப் பற்றிய நூலை 1878ஆம் ஆண்டின் இறுதியில், தம் 21ஆம் வயதில், அவர் வெளியிட்டார். எழுத்துச் சான்று எதுவுமின்றி அமைப்பு ஒழுங்கை மட்டும் கொண்டு அதில் அவர் ஊகித்த ஒலிகளின் தடத்தை, 1927இல் குரிவோவிச் ஹிட்டைட் மொழியில் இனங்காட்டினார். 1880இல் சமஸ்கிருத ஆறாம் வேற்றுமையின் தனிநிலைப் பயன்பாட்டை ஆராய்ந்து லைப்சிக்கில் முனைவர் பட்டம் பெற்றார். 1891இல் ஜெனீவா திரும்பிய பின் அவர் அச்சிட்டவை மிகச் சில. 1894இல் அமெரிக்க அறிஞர் விட்னி மறைந்தபோது நினைவுக் கட்டுரை ஒன்று கேட்கப்பட்டது. பல பக்கங்கள் எழுதியும் அதனை முடிக்கவில்லை. பழைய செய்யுள்களில் மறைந்திருப்பதாகக் கருதிய சொற்புதிர்களைத் தேடி நூற்றுக்கு மேற்பட்ட குறிப்பேடுகளை நிரப்பினார், அவற்றையும் வெளியிடவில்லை. குறள், காலம் நீட்டித்தலாகிய ‘நெடுநீர்’ என்பதையும் சோம்பலாகிய ‘மடி’ என்பதையும் தனித்தனியே எண்ணுகிறது. சசூரின் நிலையை விளங்கிக்கொள்ள இந்த வேறுபாடு இன்றியமையாதது.

தடை எங்கிருந்தது? ஒரு கலைச்சொல்லை வரையறுக்க மற்றெல்லாச் சொற்களும் முன்னரே தெளிவாகியிருக்க வேண்டும் என அவர் கண்டார். ஆகவே தொடங்குவதற்கான முதற்புள்ளி எதுவும் அகப்படவில்லை. மொழியில் எந்தக் குறியும் தனித்து மதிப்புப் பெறுவதில்லை, பிறவற்றோடு கொள்ளும் உறவாலும் வேறுபாட்டாலுமே மதிப்புப் பெறுகிறது என்பது பின்னாளில் அவரது கோட்பாட்டின் மையமாயிற்று. அவரை எழுதவிடாமல் தடுத்ததும் அவர் கண்டறிந்ததும் ஏறத்தாழ ஒன்றே.

அத்தடையை உடைத்தது கால அட்டவணை. 1906ஆம் ஆண்டின் இறுதியில் பொது மொழியியல் கற்பிக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. 1907, 1908–09, 1910–11 என மூன்று பாடத்தொடர்களை ஒரு சிறு மாணவர் குழுவுக்கு நடத்தினார். நூலை ஒத்திப்போடலாம்; மணி அடித்த பின் வகுப்பை ஒத்திப்போட இயலாது. ஒவ்வொரு தொடரிலும் வேறோர் இடத்திலிருந்து தொடங்கினார். முன்பு கூறியதை மாற்றி அடுக்கினார். 1911 மே மாதத்தில், ஐயங்களோடும் சிக்கல்களோடும் பாடத்தை முன்வைப்பதா, மாணவர்க்கேற்ப எளிமையாக்குவதா என்று தாம் தடுமாறுவதாக ஒரு மாணவரிடம் கூறினார். ஆயினும் வகுப்பு நடந்தது.

1913 பிப்ரவரி 22 அன்று அவர் மறைந்தார். அவ்வகுப்புகளில் அமராத ஷார்ல் பாலியும் ஆல்பெர் செஷஹேயும் மாணவர் குறிப்புகளைக் கொண்டு ஒரு நூலைத் தொகுத்து 1916இல் அவர் பெயரில் வெளியிட்டனர். மொழியை மொழிக்காகவே ஆராய வேண்டும் என்ற கருத்தோடு முடியும் அந்நூலின் புகழ்பெற்ற இறுதித் தொடர், மாணவர் குறிப்புகள் எதிலும் இல்லை. அது பதிப்பாசிரியர் சேர்த்தது. பல பத்தாண்டுகள் அதுவே சசூரின் முடிவுரையாகப் பயிலப்பட்டது. அவர் கைப்பட எழுதிய பக்கங்கள் சில 1996இல்தான் குடும்ப மாளிகையின் செடிவளர்ப்புக் கூடத்தில் கிடைத்து, 2002இல் அச்சேறின. தாமே எழுதாதவரின் சொல்லைப் பிறர் எழுதி முடித்தனர். நெடுநீர்மைக்குச் சசூர் கொடுத்த விலை அதுவே.

சசூர் அக்கடிதத்தை எழுதிய அதே 1894இல் இந்தியாவில் ஜார்ஜ் கிரியர்சனின் மொழியியல் அளவீட்டுப் பணி தொடங்கியது. அவர் முன்னும் அதே வகைக் கேள்வி நின்றது: மொழி எது, கிளைமொழி எது? மலைக்கும் குன்றுக்கும் இடையே கோடு கிழிப்பது போன்றது அது என அவரே எழுதினார். ஆனால் விடைக்காகப் பணியை நிறுத்தி வைக்கவில்லை. ஊதாரி மைந்தன் உவமையின் மொழிபெயர்ப்பு, ஒரு பொதுச் சொற்பட்டியல் என எளிய கருவிகளை வகுத்து, மாவட்ட அதிகாரிகள் வழியே மாதிரிகளைத் திரட்டினார். ஆயத்தமான தொகுதிகள் 1903 முதல் 1928 வரை ஒவ்வொன்றாக வெளிவந்தன. 179 மொழிகளும் 544 கிளைமொழிகளும் கணக்கில் வந்தன. குறைகள் சிறியவை அல்ல: மதராஸ் மாகாணமும் ஐதராபாத்தும் மைசூரும் அளவீட்டின் எல்லைக்குள் வராமையால் திராவிட மொழிகளின் தாயகத்தில் பெரும்பகுதி விடுபட்டது. எனினும் பின்வந்தோர் அதனோடு வாதிட்டுத் திருத்துவதற்கு அச்சிட்ட தொகுதிகள் கையில் இருந்தன.

இருவருள் பெரியவர் யார் என்பது இங்கு வினா அன்று. சசூரின் ஐயம் இல்லாவிடில் இருபதாம் நூற்றாண்டு மொழியியலே வேறாக இருந்திருக்கும். ஆனால் அவ்வையம் தனியறையில் முதிர்ந்து நூலாகவில்லை. குறித்த நாளில், குறித்த மணியில், எதிரே அமர்ந்தவர்களிடம் குறையோடு பேச நேர்ந்தபோதே உருப்பெற்றது. வரையறைகள் எல்லாம் தெளிந்த பின் முதல் இயலைத் தொடங்கலாம் எனக் காத்திருக்கும் ஆய்வு மாணவர்க்கு ஒரு செய்தி போதும். இன்று எல்லாப் பாடநூல்களிலும் உள்ள ‘குறிப்பான்’, ‘குறிப்பீடு’ என்னும் இணைச்சொற்களைச் சசூர் தம் மாணவர்முன் வைத்தது 1911 மே மாதத்தில், மூன்றாம் பாடத்தொடர் முடியும் தறுவாயில். எவை கிடைத்த பின்னரே பணியைத் தொடர இயலும் என 1894இல் எழுதினாரோ, அச்சொற்கள் பணியைத் தொடர்ந்ததன் பயனாகவே அவருக்குக் கிடைத்தன.