எரிவாயு எந்திரங்களின் காப்பு அமைப்பும் நிறுத்த அமைப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

எந்திரத்தை ஓட வைத்த வரலாறு பலராலும் பேசப்படுவது. அதனை உரிய நேரத்தில் நிறுத்தக் கற்ற வரலாறு குறைவாகவே பேசப்படுகிறது. தொழிலக எரிவாயு எந்திரங்களில் காப்பு பற்றிய கருத்து மாறிவந்த முறையை இக்கட்டுரை ஆராய்கிறது.

வேகச் சீராக்கி

1788இல் ஜேம்ஸ் வாட் நீராவி எந்திரத்தில் மையவிலக்குச் சீராக்கியைப் பொருத்தினார். 1876இல் நிக்கோலஸ் ஓட்டோ நான்கு வீச்சு எரிவாயு எந்திரத்தை உருவாக்கினார். அதன் வழிவந்த பல எந்திரங்களில், வேகம் மிகும்போது வாயு வால்வு திறவாதவாறு சீராக்கி தடுத்தது. ஆயினும், குண்டுகள் கொண்ட சீராக்கியை இயக்கும் வார்ப்பட்டை அறுந்தால் குண்டுகள் தாழும். வேகம் குறைந்துவிட்டது போன்ற நிலை தோன்றி, வாயு முழு அளவில் செல்லும். எந்திரம் கட்டுக்கடங்காமல் ஓடும். எனவே, சீராக்கியைச் சாராத தனி மிகைவேகத் தடுப்பு தேவையாயிற்று. கட்டுப்பாடும் காப்பும் வெவ்வேறானவை என்பது இதனால் புலப்படும்.

பற்றவைப்பு

1887இல் ராபர்ட் போஷ் நிலையான எரிவாயு எந்திரத்திற்கென மேக்னெட்டோ ஒன்றைச் செய்தார். மேக்னெட்டோவிற்குப் புற மின்சாரம் வேண்டியதில்லை. இச்சிறப்பே நிறுத்தும்போது சிக்கலாகிறது. அதன் சுற்றைத் தரையுடன் இணைத்தால்தான் பொறி நிற்கும். இணைக்கும் கம்பி முன்னரே அறுந்திருந்தால், நிறுத்த முயலும் வரை அக்குறை வெளிப்படாமலும் போகலாம்.

வாயு வால்வு

இக்குறைக்கு எதிர்த்திசையில் அமைந்தது மின்காந்த வால்வு. மின்சாரம் உள்ளவரை அது திறந்திருக்கும். மின்சாரம் அற்றால் வில்சுருள் அதனை மூடிவிடும். எண்ணெய் அழுத்தக் குறைவு, குளிர்நீர் வெப்ப மிகுதி, அதிர்வு, மிகைவேகம் ஆகியவற்றை உணரும் தொடர்பிகள் ஒரே சுற்றில் தொடராக இணைக்கப்படும்போது, அவற்றுள் ஒன்று திறந்தாலும், கம்பியே அறுந்தாலும், எந்திரம் நிற்கும். எந்திரத்தைத் தொடக்கும்போது எண்ணெய் அழுத்தம் இராது என்பதால், அவ்வுணரி மட்டும் சிறிது நேரம் விலக்கிவைக்கப்படுகிறது. அவ்விலக்கு நீங்காது போயின் காப்பும் இல்லை.

நிறுத்தும் வரிசை

இயல்பான நிறுத்தத்தில் முதலில் வாயு மூடப்படும். எஞ்சிய வாயு எரிந்து தீர்ந்தபின் பற்றவைப்பு துண்டிக்கப்படும். வரிசை மாறினால், சுழல்சக்கரத்தின் வேகத்தால் எந்திரம் சுழன்றுகொண்டே எரியாத வாயுவை வெப்பமான புகைபோக்கிக்குள் தள்ளும். அங்கு வெடிப்பு நேரலாம்.

முடிவுரை

காப்புக் கருவி பழுதுறும்போது எந்திரம் ஓடுமா, நிற்குமா என்னும் வினாவே இவ்வளர்ச்சியின் மையமாகும். நிற்க வேண்டும் என்பதே வில்சுருள் வால்வு தரும் விடை.