பீரங்கி இழுத்த லாரியின் இரண்டாம் வேலை

ஏஇசி மேட்டடோர், 5.5 அங்குல பீரங்கியை இழுக்க பிரிட்டிஷ் ராணுவம் வாங்கிய நாலு சக்கர லாரி. போருக்குப் பிறகு உபரியாக விற்றபோது மரம் ஏற்றுபவர்கள் நிறைய பேர் வாங்கினார்கள். வண்டிக்கு அடியில் ஏற்கெனவே 7 டன் வின்ச் இருந்தது. மேலே ஒரு இரும்புக் கையைப் பற்றவைத்து, கம்பிவடத்தைக் கப்பி வழியாக விட்டால் கிரேன் தயார். ஆனால் வடம் இழுக்கத்தான் செய்யும், தள்ளாது. தொங்கும் கட்டையைத் திருப்பி உட்காரவைக்க, பக்கத்தில் ஒரு ஆள் நிக்கணும். எனக்கு இந்தக் கதையில் முக்கியமானவர் அவர்தான்.

அவரைத் தள்ளி நிற்கவைத்தது ஹைட்ராலிக்ஸ். ஸ்வீடனில் பனிச்சறுக்குப் பலகை செய்துகொண்டிருந்த எரிக் சுந்தீன் 1944இல் ஹியாப் நிறுவனத்தைத் தொடங்கினார். லாரி எஞ்சினே பம்பை ஓட்டும். எண்ணெய் அழுத்தம் கையைத் தூக்கும், மடக்கும்.

இதை ராணுவ லாரியில் மாட்டுவது சும்மா போல்ட் போடுற வேலை இல்லை. மேடுபள்ளத்தில் முறுக்கிக்கொடுக்கவே செய்த சேஸிஸ் அது. கிரேனுக்கோ அசையாத அடித்தளம் வேணும். அதனால் நடுவில் ஒரு துணைச் சட்டகம், தரையில் ஊன்ற கால்கள். நான் படித்த இன்ஜினியரிங்கில் இன்னும் மறக்காத கணக்கு இங்கே வருகிறது: 2 மீட்டரில் 1 டன் தூக்கும் கை, 4 மீட்டரில் அரை டன்தான் தூக்கும். "ராணுவ வண்டி, எதையும் தாங்கும்" என்பார்கள். கேபினுக்குப் பின்னால் கிரேனை வைத்தால் அதன் எடையில் பெரும்பங்கு முன் அச்சில்தான் போய் உட்காரும். முதலில் அதைப் பாருங்கள்.