கிளைப்பும் கலைச்சொல்லும்

கடுகண்ணாவை மலைச்சரிவுகளிலே நெடிதோங்கி நிற்பது தாளிப்பனை. பல்லாண்டுகள் கிளையின்றி வளரும் இம்மரம், வாழ்நாளில் ஒரேயொரு முறை உச்சியிற் பெரும்பாளை ஈன்று, காய்த்துக் கனிந்தபின் மடிந்தொழியும். தண்டிலே கிளையாத மரம் பாளையிலே எண்ணிறந்த கிளைகளாகப் பிரிகின்றது. இத்தகைய கிளைப்பு முறைகளைச் சொல்லாற் குறிக்கும் முயற்சி தமிழிற் பழமையானது.

புறத்தே வைரமுடையவற்றைப் புல் என்றும், அகத்தே வைரமுடையவற்றை மரம் என்றும் தொல்காப்பிய மரபியல் பகுக்கின்றது. பனையும் தெங்கும் புல்லின்பாற்படும். மரத்தின் உறுப்புகளுள் சினையைக் கூறும் ஆசிரியர், புல்லின் உறுப்புகளாக மடல், ஓலை, பாளை, குலை முதலியவற்றையே கூறினார். அங்கே கிளையைக் குறிக்குஞ் சொல் இல்லை. அவர்தம் நுண்ணோக்கு இதனாற் புலனாகும்.

பிற்காலத்தே தேவநேயப் பாவாணர் கவை, கொம்பு, கிளை, சினை, போத்து, குச்சு, இணுக்கு என அடிமரந்தொட்டு நுனிவரையுள்ள பிரிவுகளை நிரல்படக் காட்டினார். எனினும், இச்சொற்கள் கிளையின் படிநிலையை உணர்த்துவனவேயன்றிக் கிளைக்கும் முறையை உணர்த்துவன அல்ல. அறிவியல் வேண்டுவதோ அம்முறையை.

கடுகண்ணாவைக்கு அணித்தாயுள்ள பேராதனையில் 1821ஆம் ஆண்டிலே தாவரவியற் பூங்கா நிறுவப்பட்டது. அதன் தலைவராயிருந்த திரைமன் 1893ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட இலங்கைத் தாவர நூலிலே செடிகொடிகளின் தமிழ்ப்பெயர்களும் இடம்பெற்றன. ஆயின் விளக்கமெல்லாம் ஆங்கிலத்தில் அமைந்தமையின், கிளைப்பு முறைக்குத் தமிழ்ச்சொல் ஆக்கும் தேவை அங்கு எழவில்லை. தமிழிலே அறிவியல் கற்பிக்க முனைந்தபோதே அத்தேவை எழுந்தது. 1936ஆம் ஆண்டிற் சென்னையில் நடைபெற்ற சொல்லாக்க மாநாட்டிற்கு ஈழத்து விபுலாநந்த அடிகள் தலைமை தாங்கினார்.

சொல்லாக்கத்திற்கு வழிகள் இரண்டு: மூலச்சொல்லைப் பெயர்த்தல், பொருளை உணர்ந்து புதிது புனைதல். நடுத்தண்டு தொடர்ந்து வளரும் கிளைப்பு முறைக்கு மேலைநாட்டார் இட்ட கிரேக்கப் பெயரை அவ்வாறே பெயர்ப்பின் 'ஒருபாதம்' என்றாகும். மாணவனுக்கு அதனாற் பயனில்லை. பூங்கொத்தின் இருவகைக்கும் வழங்கும் 'நுனிவளர் மஞ்சரி', 'நுனிவளரா மஞ்சரி' என்பனவோ இயல்பைத் தாமே விளக்குகின்றன. வளர்நுனியே இரண்டாகப் பிரிவதை 'இருகவர்க் கிளைத்தல்' என்பதும் அத்தகையதே.

1978ஆம் ஆண்டில் ஆலே, ஓல்டெமன், தொம்லின்சன் என்போர் வெப்பமண்டல மரங்களின் அமைப்பை 23 மாதிரிகளாக வகுத்து, அறிஞர் பெயர்களை அவற்றுக்குச் சூட்டினர். தாளிப்பனை ஓல்ற்றம் மாதிரியைச் சார்ந்தது. அப்பெயர் அறிஞரை நினைவூட்டுமேயன்றி மரத்தைக் காட்டாது. கண்ணெதிரே நிற்கும் மரத்தைக் கற்போன் உள்ளத்திற் பதிப்பதே நல்ல கலைச்சொல்லின் இலக்கணமாகும்.