மஞ்சள் இலையும் தொட்டி நீரும்

கரைசலில் வளரும் தக்காளிச் செடியின் கொழுந்து வெளுக்கத் தொடங்குகிறது. நரம்புகள் பச்சையாகவே நிற்க, அவற்றின் இடைப்பரப்பு மட்டும் எலுமிச்சை நிறமாகிறது. வீட்டில் பத்துச் செடி வைத்திருப்பவர் குறைபாட்டுப் பட அட்டையைப் பார்க்கிறார். இரும்புச்சத்துக் குறை என்கிறது அட்டை. அவர் இரும்பு சல்பேட்டைக் கரைத்து ஊற்றுகிறார். ஒரு வாரத்தில் தொட்டியின் அடியில் துருநிறப் படிவு சேர்கிறது, கொழுந்து முன்னைவிட வெளுத்திருக்கிறது. இந்தத் தோல்வி அடிக்கடி நிகழ்வது. இதற்குக் காரணம் வளர்ப்பவரின் அறியாமை என்று நான் கருதவில்லை. ‘குறை’ என்ற ஒரே சொல்லால் மூன்று வேறு நிலைகளைக் குறித்துவரும் நம் வழக்கமே காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

பட அட்டைகளின் வேரை முதலில் பார்க்க வேண்டும். பிரிஸ்டலை அடுத்த லாங் ஆஷ்டன் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த தாமஸ் வாலஸ், கண்ணால் காணும் அறிகுறிகளைக் கொண்டு தாவரங்களின் கனிமக் குறைகளை அறிவது பற்றிய வண்ணப்பட நூலை 1943இல் வெளியிட்டார். இன்றைய அட்டைகள் பலவும் அந்த மரபின் பேரப்பிள்ளைகள். அந்த மரபுக்கு வலுவூட்டியவை ஒரு சத்தை மட்டும் நீக்கிவிட்டு மற்றவற்றை முழுமையாகக் கொடுத்த மணல்வளர்ப்புச் சோதனைகள். ஆகவே அப்படங்கள் காட்டுவது ஒரு சத்து இல்லாத செடியின் முகம். வீட்டுத் தொட்டியிலோ, கடையில் வாங்கிய கலவையில் எல்லாச் சத்தும் ஏற்கெனவே இருக்கிறது. முகம் ஒன்றாக இருக்கலாம், நோயின் வழி வேறு.

1938இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹோக்லண்டும் ஆர்னானும் வெளியிட்ட சுற்றறிக்கையில் உள்ள முதல் கரைசலை எடுத்துக்கொள்வோம். லிட்டருக்குத் தழைச்சத்து 210 மில்லிகிராம், சாம்பல்சத்து 235, கால்சியம் 200, மணிச்சத்து 31. பசியில் வாட இடமில்லாத அளவு இது. இத்தகைய கரைசலில் நிற்கும் செடி ஒரு சத்துக்கு ஏங்கினால், அச்சத்து நீரில் கரையாமல் ஒதுங்கியிருக்கலாம். கரைந்திருந்தும் வேருக்குள் நுழைய முடியாதிருக்கலாம். நுழைந்தும் இலைக்குப் போய்ச் சேராதிருக்கலாம். சத்தே இல்லாமை என்பது, வீட்டுத் தொட்டியைப் பொறுத்தவரை, கடைசியாக ஐயப்பட வேண்டிய காரணம்.

கரையாமல் ஒதுங்குவதற்கு இரும்பைவிடத் தெளிவான சான்று இல்லை. பி.எச். எனப்படும் கார அமில நிலை ஒரு அலகு ஏறும்போதெல்லாம், நீரில் தனித்து நிற்கும் ஃபெரிக் அயனியின் அளவு ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. பாஸ்பேட் கூட இருந்தால் அதையும் இழுத்துக்கொண்டு அடியில் படியும். ஹோக்லண்டின் காலத்தில் இரும்பை டார்ட்ரேட் உப்பாக மீண்டும் மீண்டும் சேர்க்க வேண்டியிருந்தது இதனால்தான். 1951இல் அதே பல்கலைக்கழகத்தின் லூயிஸ் ஜேக்கப்சன், இரும்பை ஈ.டி.டி.ஏ. என்னும் சேர்மத்துக்குள் பிடித்துவைத்தால் ஒரே முறை சேர்த்தால் போதும் என்று காட்டினார். நண்டின் கொடுக்குபோல் இரும்பைக் கவ்விக்கொள்ளும் இவ்வகைச் சேர்மத்தை செலேட் என்கிறோம். ஆனால் ஈ.டி.டி.ஏ.வின் பிடி பி.எச். 6.5ஐத் தாண்டினால் தளர்கிறது. டி.டி.பி.ஏ. ஏறக்குறைய 7 வரை தாங்கும், ஈ.டி.டி.எச்.ஏ. அதற்கும் வெகு மேலே நிற்கும். கலவை உறையில் ‘இரும்பு’ என்று மட்டும் அச்சிட்டிருந்தால் அது போதிய தகவல் ஆகாது. எந்தப் பிடியில் இருக்கும் இரும்பு என்பதே கேள்வி.

பி.எச். ஏன் ஏறுகிறது? செடி நன்றாகத் தின்பதால்தான். வேர் நைட்ரேட்டை உறிஞ்சும்போது சுற்றியுள்ள நீர் காரத்தன்மை நோக்கி நகர்கிறது. அம்மோனியத்தை உறிஞ்சினால் அமிலத்தன்மை நோக்கி. ஹோக்லண்டின் இரண்டாம் கரைசலில் 210 மில்லிகிராம் தழைச்சத்தில் 14 மில்லிகிராமை அம்மோனியமாக வைத்திருப்பது இந்த ஏற்றத்தைத் தணிக்கிறது. இதோடு குழாய் நீரின் பைகார்பனேட் சேர்கிறது. இரண்டு ஊர் நீரின் பி.எச். ஒன்றாக இருந்தும், பைகார்பனேட் நிறைந்த நீர் ஊற்றிய அமிலத்தை விழுங்கிவிட்டு மறுநாள் மேலேறி நிற்கும். ஏறிய பி.எச்.சை இறக்க நாள்தோறும் பாஸ்பாரிக் அமிலம் ஊற்றுபவர், தம்மை அறியாமல் மணிச்சத்தையும் குவிக்கிறார். அந்த மிகுதி இரும்பையும் துத்தநாகத்தையும் செடிக்கு இன்னும் எட்டாததாக்குகிறது. சிகிச்சையே அடுத்த நோயைப் பெறும் இந்தச் சுழற்சியைப் பட அட்டை ஒருபோதும் காட்டாது. நீரின் பைகார்பனேட் அளவை ஒரு முறையாவது அளந்து வைத்திருப்பவருக்கே இது பிடிபடும்.

இலையின் சாட்சியத்தை நான் தள்ளிவிடவில்லை. நிறத்தைவிட இடம் நம்பத்தக்கது என்பதே என் கருத்து. தழை, மணி, சாம்பல், மக்னீசியம் ஆகியவற்றைச் செடி முதிர்ந்த இலையிலிருந்து எடுத்துக் கொழுந்துக்கு அனுப்ப வல்லது. எனவே அவற்றின் குறை அடி இலையில் தொடங்கும். இரும்பும் கால்சியமும் போரானும் அப்படி எளிதில் இடம்பெயராதவை. அவற்றின் குறை நுனியில் தெரியும். நரம்பிடை மஞ்சள் அடியிலா, நுனியிலா என்ற ஒரு கேள்வி மக்னீசியத்தையும் இரும்பையும் பிரித்துவிடும். நிறம் மட்டும் அதைப் பிரிக்காது.

இன்னொரு பழைய சோதனையும் இருக்கிறது. அது கைவிடப்பட்டது எனக்கு வருத்தம். 1840களில் பிரான்சின் யூசேப் கிரி, வெளுத்த இலையில் இரும்பு உப்புக் கரைசலைத் தடவிப் பச்சை திரும்புவதைக் கண்டார். மிக நீர்த்த கரைசலை இலையின் பாதியில் மட்டும் தடவிச் சில நாள் பார்த்தால், குறை இரும்பா, வேறா என்பதை அந்தச் செடியே சொல்லும். ஆய்வுக்கூட இலைப் பகுப்பாய்வு இங்கே ஏமாற்றக்கூடும். வெளுத்த இலையில் பச்சை இலைக்குச் சமமாக இரும்பு இருப்பதும் உண்டு. இலைக்குள் வந்த இரும்பெல்லாம் பயன்படும் நிலையில் இருப்பதில்லை.

போய்ச் சேராமைக்குக் கால்சியம் சான்று. லெட்டூஸின் உள்ளிலை ஓரம் கருகுவதும் தக்காளிக் காயின் அடிமுனை கறுத்து அழுகுவதும் கால்சியக் குறைதான். ஆனால் தொட்டியில் கால்சியம் தாராளமாக இருக்கும்போதும் இவை வரும். கால்சியம் நீராவிப்போக்கின் இழுப்பில் மேலே செல்வது. மூடிய உள்ளிலையும் காயும் நீரை அதிகம் ஆவியாக்குவதில்லை. அங்கே வேண்டியது இன்னும் உப்பு அல்ல, ஒரு மின்விசிறி. நீரின் மின்கடத்துதிறன் (இ.சி.) ஏற்கெனவே மிகுந்திருந்தால் உப்பு சேர்ப்பது நேரான கேடு, ஏனெனில் வேர் நீர் இழுப்பதே கடினமாகிறது. நீர்மட்டம் குறையக் குறைய இ.சி. ஏறினால் செடி உப்பைவிட நீரையே அதிகம் கேட்கிறது என்று பொருள். ஆனால் அந்த எண் மொத்த உப்பைத்தான் சொல்லும், எந்த உப்பு என்று சொல்லாது.

இவை எல்லாம் சரியாக இருந்தும் செடி வெளுத்தால் வேரைத் தூக்கிப் பார்க்க வேண்டும். 20 பாகை செல்சியஸில் லிட்டர் நீர் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 பாகையில் அது 7.5 அளவுக்கு இறங்கும், அதே வேளையில் வேரின் மூச்சுத் தேவையோ ஏறும். பழுப்பேறி வழவழப்பாகி நாற்றமெடுக்கும் வேர், பித்தியம் என்னும் பூஞ்சை போன்ற நோயுயிரிக்கு வீடாகிய வேர், எந்தக் கரைசலிலிருந்தும் இரும்பை எடுக்காது.

ஆகவே வரிசை இது: 4, 7 தாங்கல் கரைசல்களில் சரிபார்த்த கருவியால் பி.எச்.; பிறகு இ.சி., நீரின் வெப்பம், பிறகு வேர், கடைசியில் இலை. தக்காளிக்காரரின் தொட்டியில் பி.எச். 7.4 என்று இருந்தால், அதை ஒரே நாளில் தள்ளிவிடாமல் இரண்டு மூன்று நாளில் 5.8க்கும் 6.2க்கும் இடையே இறக்கி, படிவுள்ள நீரைக் கொட்டிவிட்டுப் புதுக் கரைசல் ஊற்ற வேண்டும். அதன்பின் வெளுத்த பழைய இலைகளை வைத்து முடிவு சொல்லக் கூடாது. அவற்றில் சில அப்படியே இருந்துவிடும். திருத்திய நாளுக்குப் பின் விரியும் முதல் இலையில் ஒரு நூல் கட்டி அடையாளம் வைத்து, அதன் நிறத்தைப் பார்த்தால் போதும்.