களமும் பட்டமும்: தமிழகத்தில் பயன்பாட்டுச் சமூக அறிவியல் இளங்கலைக் கல்வியின் முன்வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

சமூக அறிவியலை வாழ்க்கைச் சிக்கல்களின் தீர்வுக்குப் பயன்படுத்தக் கற்பிக்கும் இளங்கலைக் கல்வி, இந்தியாவில் முதுகலைக் கல்விக்குப் பிற்பட்டே தோன்றியது என்பது பரவலான கருத்தாகும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் ஊராய்வு நூலையும் (1918) காந்திகிராமத்தின் ஊரகப் பணிப் பட்டயப் படிப்பையும் (1956) முன்வைத்து இக்கருத்தை இக்கட்டுரை மறு ஆய்வுக்கு உட்படுத்துகிறது. இளநிலை மாணவர்கள் தொடக்கம் முதலே களத்தில் இருந்தனர். அவர்கள் களத்தில் கற்றதைப் பட்டத்துக்குரிய கல்வியாக ஏற்பதிலேயே தயக்கம் நிலவியது என்பது இதன் வாதம்.

திறவுச்சொற்கள்: பயன்பாட்டுச் சமூக அறிவியல், சமூகப்பணிக் கல்வி, ஊராய்வு, கில்பர்ட் ஸ்லேட்டர், குமரப்பா உடன்பிறப்புகள், காந்திகிராமம், களப்பணி

முன்னுரை

இந்தியச் சமூகப்பணிக் கல்வியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1936-ஆம் ஆண்டிலிருந்தே தொடங்குகின்றனர். பம்பாயில் சர் தொராப்ஜி டாட்டா சமூகப்பணிப் பட்டமேற்படிப்புப் பள்ளி தொடங்கப்பெற்ற ஆண்டு அது. அங்கிருந்து தில்லி, பரோடா, சென்னை எனக் கிளைத்த நிறுவனங்களின் வரிசை சொல்லப்படும். இளங்கலைப் படிப்பு அவ்வரிசையின் கடைசியில், முதுகலையின் சுருங்கிய வடிவம்போல ஓரிரு வரிகளில் முடிந்துவிடும். நிறுவனங்களின் வரலாறாக இது பிழையன்று. ஆனால் மாணவர் என்ன செய்தார், எங்குச் சென்றார், எதைக் குறித்துவைத்தார் என்னும் வினாக்களிலிருந்து தொடங்கினால் வரலாறு இருபது ஆண்டுகள் முன்னுக்குச் செல்கிறது. இடமும் பம்பாயிலிருந்து தென்னார்க்காட்டுக்கு மாறுகிறது.

1916: ஊருக்கு அனுப்பப்பட்ட மாணவர்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராகக் கில்பர்ட் ஸ்லேட்டர் 1915-இன் இறுதியில் சென்னைக்கு வந்தார். தமிழ் வாசகர்கள் அவரைப் பெரும்பாலும் இந்தியப் பண்பாட்டில் திராவிடக் கூறு பற்றி 1924-இல் வெளியான நூலின் ஆசிரியராகவே அறிவர். அதற்கு முன்பே அவர் இங்கிலாந்தின் பொதுநில அடைப்பும் உழவர் வாழ்வும் குறித்து ஆராய்ந்தவர். உழைக்கும் மக்களுக்கான ஆக்ஸ்போர்டு ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். வூல்விச் நகரின் மேயராகவும் பணியாற்றியவர். நூலறிவும் ஊராட்சி அனுபவமும் கலந்த இப்பின்னணி அவருடைய கற்பித்தல் முறையை விளக்க உதவுகிறது.

இங்கிலாந்தின் ஆலைகளையும் வங்கிகளையும் சான்றாகக் கொண்ட பொருளியல் பாடநூல்களைச் சென்னை மாணவர் மனப்பாடம் செய்வதில் பயனில்லை என ஸ்லேட்டர் கருதினார். கல்லூரி மாணவர்களிடம் ஒரு வினாநிரலைக் கொடுத்து, தம் சொந்த ஊரையோ நன்கு அறிந்த ஊரையோ ஆராய்ந்துவரச் செய்தார். நிலம் யாரிடம் உள்ளது, என்ன விளைகிறது, கூலி எவ்வாறு அளக்கப்படுகிறது, கடன் எவ்வளவு என்பன போன்ற வினாக்களுக்கு அவர்கள் விடை தேடினர். அவ்வறிக்கைகளிலிருந்து உருவான தொகுப்பு 1918-இல் பல்கலைக்கழகத்தின் பொருளியல் வரிசையில் முதல் நூலாக வெளிவந்தது. தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, வடார்க்காட்டுத் தூசி, தஞ்சை மாவட்டத்துப் பாலக்குறிச்சி, இராமநாதபுரம் மாவட்டத்து வடமலைபுரம், திருநெல்வேலிச் சீமையின் கங்கைகொண்டான் ஆகிய ஊர்கள் அதில் இடம்பெற்றன.

இந்நூலின் பிற்கால வாழ்வு வியப்புக்குரியது. பேராசிரியர் பி. ஜே. தாமசும் கே. சி. இராமகிருஷ்ணனும் 1936-37-இல் அவ்வூர்களை மறு ஆய்வு செய்து 1940-இல் நூலாக்கினர். இருவேல்பட்டைப் பற்றி 1960களில் மார்கரெட் ஹாஸ்வெல் எழுதினார். 1980களில் மீண்டும் ஆய்வுகள் நடைபெற்றன. ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோர் 1916 முதல் 2008 வரையிலான இருவேல்பட்டின் நிலம், உழைப்பு, சாதி அரசியல் ஆகியவற்றை ஒரே தொடராக வைத்து ஆராய்ந்து 2010-இல் கட்டுரை வெளியிட்டனர். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆய்வுக்கு அடித்தளமாக அமைந்தவை மாணவர் எழுதிய குறிப்புகள். இளநிலை மாணவரின் களப்பணி வெறும் பயிற்சியே, அறிவாக்கம் ஆகாது எனக் கூறுவோர் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

அக்குறிப்புகளுக்கு ஓர் எல்லையும் இருந்தது. 1916-இல் சென்னை மாகாணத்தில் கல்லூரிக்குச் சென்றவர் யார் என்பது அப்போதே அரசியல் வினாவாக இருந்தது. பட்டதாரிகளிடையிலும் அரசுப் பணியிலும் பிராமணர் பெற்றிருந்த மிகுதியான இடத்தைச் சுட்டிய பிராமணரல்லாதார் அறிக்கை அதே ஆண்டின் டிசம்பரில்தான் வெளியாயிற்று. கல்லூரி மாணவர் பிராமணராயினும் அல்லாதாராயினும், பெரும்பாலும் நிலம் உடைய குடும்பத்தினர். தம் ஊரை ஆராயச் சென்ற மாணவருக்குக் கர்ணத்தின் கணக்கு எளிதாகக் கிடைத்திருக்கும். பெரியவர்கள் திண்ணையில் அமர்த்திப் பேசியிருப்பர். படியாளின் குடிசை வாசலில் அதே மாணவர் ஆய்வாளராக நிற்க முடிந்திருக்குமா, நிலக்காரர் வீட்டுப் பிள்ளையாகத்தான் நின்றிருப்பாரா? கூலி நெல்லின் அளவு பதிவாகலாம். அவ்வளவு குறித்து அதைப் பெற்றவர் நினைத்தது பதிவாவது அரிது. களத்துக்குள் நுழைய வழிதந்த உறவே பார்வையையும் மறைத்தது எனக் கருத இடமுண்டு.

இலண்டனிலிருந்து பம்பாய்க்கு

ஸ்லேட்டர் தொடர்பு கொண்டிருந்த இலண்டன் பொருளியல் பள்ளியில் இதே காலத்தில் வேறொரு மரபு உருவாகிக்கொண்டிருந்தது. அறக்கொடை அமைப்பினர் 1903-இல் நிறுவிய சமூகவியல் பள்ளி 1912-இல் அப்பள்ளியுடன் இணைந்து சமூக அறிவியல் துறையாயிற்று. பின்னாளில் பிரதமரான கிளமெண்ட் அட்லி அதன் தொடக்கக்கால ஆசிரியர்களுள் ஒருவர். மாணவருள் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் ஏழையர் வாழ்ந்த பகுதிகளில் பயிற்சி பெற்றனர். முடிவில் கிடைத்தது சான்றிதழே, பட்டமன்று. வீடு வீடாகச் சென்று கற்பதைப் பட்டத்துக்குரிய கல்வியாக ஏற்கும் துணிவு அன்றைய பல்கலைக்கழகத்துக்கு இல்லை. கற்போர் பெண்களாக இருந்தது அத்தயக்கத்துக்குத் துணைநின்றது எனலாம்.

இவ்விடத்தில் ஒரு முரண் நோக்கத்தக்கது. வறுமையின் காரணங்களையும் அதைத் தடுக்கும் வழிகளையும் ஆராய இலண்டனுக்கு 1912-இல் ஆண்டுக்கு 1,400 பவுண்டு வழங்க முன்வந்தவர் சர் ரத்தன் டாட்டா. அந்நிதியில் ஆர். எச். டானி இங்கிலாந்தின் சங்கிலித் தொழிலாளரின் குறைந்தபட்சக் கூலியை ஆராய்ந்தார். இந்திய ஆலைகளின் வழியே வளர்ந்த செல்வம் ஆங்கிலத் தொழிலாளரின் வறுமை ஆய்வுக்குப் பயன்பட்டது. பம்பாய் ஆலைத் தொழிலாளரின் வாழ்வை முறையாகக் கற்பிக்கும் நிறுவனம், அவருடைய தமையனார் தொராப்ஜியின் பெயரிலான அறக்கட்டளை வழியே, மேலும் இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்தே தோன்றியது.

அதைத் தொடங்கி நடத்திய கிளிஃபோர்ட் மான்ஷார்ட் பம்பாயின் நாக்பாடா பகுதியில் அண்டைவீட்டு நலமனை ஒன்றை நிறுவிய அமெரிக்கர். அவர் வகுத்த பள்ளி பட்டதாரிகளுக்கு உரியது. ஈராண்டுப் பட்டயம் வழங்கியது. 1930களின் இறுதியில் அமெரிக்கச் சமூகப்பணிப் பள்ளிகளின் சங்கமும் பட்டமேற்படிப்பையே தொழில்முறைக் கல்வியின் தகுதியாக வலியுறுத்தியது. ஒரு தொழில் தன் மதிப்பை உயர்த்த வாயிற்படியை உயர்த்துவது வழக்கம். அமெரிக்காவிலேயே இளங்கலைப் படிப்புகளுக்கு முறையான தரச்சான்று கிடைத்தது 1974-இல்தான்.

விடுதலைக்குப் பின் சட்டமும் இப்போக்கை வலுப்படுத்தியது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 49-ஆம் பிரிவு, 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளரைக் கொண்ட ஆலைகளில் நல அலுவலரை அமர்த்த வேண்டும் என விதித்தது. சமூகப்பணி படித்தவருக்கு நிலையான வேலை கிடைத்தது. அவ்வேலை அலுவலர் வேலை. மேரி கிளப்வாலா ஜாதவின் முயற்சியால் 1952-இல் சென்னையில் தோன்றிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் இச்சூழலில் வளர்ந்தது. அதே 1952-இன் அக்டோபர் 2 அன்று தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்துக்கு ஆயிரக்கணக்கில் கிராம சேவகர் தேவைப்பட்டனர். அவர்களுக்கான பயிற்சி பல்கலைக்கழகத்துக்கு வெளியே, அரசுப் பயிற்சி நிலையங்களில் நடைபெற்றது. மேலே அலுவலர், கீழே சேவகர். இடைப்பட்ட இளங்கலை மாணவருக்கு இடமில்லை.

உடன்பிறந்தார் இருவர்

மான்ஷார்டுக்குப் பின் டாட்டா பள்ளியின் இயக்குநரானவர் ஜே. எம். குமரப்பா. அவருடைய காலத்தில், 1944-இல், அது டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் எனப் பெயர் பெற்றது. அவர் தஞ்சாவூரில் பிறந்த காந்தியப் பொருளியலாளர் ஜே. சி. குமரப்பாவின் உடன்பிறந்தவர். ஒரே தமிழ்க் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்து அமெரிக்காவில் பயின்ற இவ்விருவரும் பயன்பாட்டுச் சமூக அறிவியலின் இருவேறு வழிகளில் நின்றனர் என்பது இதுவரை போதிய கவனம் பெறவில்லை.

ஜே. சி. குமரப்பா குஜராத் வித்யாபீடத்தின் மாணவர்களை அழைத்துக்கொண்டு கேடா மாவட்டத்தின் மாத்தர் வட்டத்தை ஆராயத் தொடங்கியது 1929-இன் இறுதியில். வீடு வீடாக வரவும் செலவும் கடனும் பதிவாயின. அறிக்கை 1931-இல் வெளிவந்தது. அதற்கிடையே 1930 மார்ச்சில் காந்தி தண்டிக்குப் புறப்பட்டார். வித்யாபீட மாணவர் குழு ஒன்று யாத்திரைக்கு முன்னே ஊர்தோறும் சென்று மக்கள்தொகை முதலான விவரங்களைத் திரட்டியது. காந்தி தம் உரைகளில் அத்தகைய விவரங்களைப் பயன்படுத்தினார். ஸ்லேட்டரின் மாணவருடைய குறிப்புகள் நூலாயின. இவர்களுடைய குறிப்புகள் மறுநாளே மேடையில் வாதமாயின. அரசின் ஏற்பை நாடாத அந்த வித்யாபீடத்தில் பட்டம் பெரிய பொருளாக இருக்கவில்லை. அதனால்தான் களம் அங்கே கல்வியின் நடுவிடத்தைப் பெற முடிந்தது போலும்.

காந்திகிராமம்: பட்டத்துக்கு இணையான பட்டயம்

இவ்விரு வழிகளும் தமிழ் மண்ணில் சந்தித்த இடம் சின்னாளப்பட்டி அருகிலுள்ள காந்திகிராமம். மருத்துவர் டி. எஸ். சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் 1947-இல் அதனை நிறுவினர். ஊரகப் பல்கலைக்கழகங்கள் வேண்டும் என இராதாகிருஷ்ணன் குழு முன்னரே பரிந்துரைத்திருந்தது. கே. எல். ஸ்ரீமாலி தலைமையிலான குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து 1956-இல் நாட்டின் பல இடங்களில் ஊரக உயர்கல்வி நிலையங்கள் தொடங்கப்பெற்றன. காந்திகிராமம் அவற்றுள் ஒன்று; கோவை பெரியநாயக்கன்பாளையத்து இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம் மற்றொன்று.

அங்கு வழங்கப்பட்ட மூன்றாண்டு ஊரகப் பணிப் பட்டயம், பெயர் எதுவாயினும், பொருளில் இளங்கலைப் பயன்பாட்டுச் சமூக அறிவியலே. பள்ளிக்கல்வி முடித்தவர் சேரலாம். வகுப்பறைப் பாடத்துடன் சுற்றுப்புற ஊர்களில் விரிவாக்கப் பணியும் கல்வியின் பகுதியாக இருந்தது. 1936-இன் பம்பாய்ப் பள்ளி பட்டதாரிக்கு மட்டுமே திறந்த கதவை இது பதினெட்டு வயது கிராமத்து இளைஞருக்குத் திறந்தது.

ஆயினும் அது பட்டம் எனப்படவில்லை. பட்டத்துக்கு இணையானது என்றே அறிவிக்கப்பட்டது. ‘இணை’ என்னும் சொல் மாணவருக்குச் சுமையாயிற்று. நடுவண் அரசுப் பணிக்கு ஏற்கப்பட்ட தகுதியை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஒவ்வொரு தேர்வுக்குழுவும் ஏற்குமா என்பது தனித்தனி வினாவாக இருந்தது. முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் குடும்பத்தின் பிள்ளைக்குப் பட்டயம் நல்ல கல்வியைத் தந்தால் மட்டும் போதாது. அரசு அலுவலகத்தின் சாளரத்தில் நீட்டும்போது மறுகேள்வியின்றி ஏற்கப்பட வேண்டும். உயர்ந்த நோக்கம் கொண்ட கல்வித் திட்டங்கள் இந்த எளிய தேவையை அடிக்கடி மறந்துவிடுகின்றன. 1976-இல் காந்திகிராமம் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகித் தானே பட்டம் வழங்கும் உரிமை பெற்றபோதுதான் அங்கு இச்சிக்கல் தீர்ந்தது. ஊரகக் கல்வியின் தனித்தன்மையை அப்பட்டம் கரைத்துவிட்டது என வருந்துவோர் உண்டு. மாணவர் பக்கமிருந்து நோக்கினால் அது வருந்தத்தக்கதன்று.

களக்குறிப்பின் இடம்

இன்று தமிழகக் கல்லூரிகள் பலவற்றில் இளங்கலைச் சமூகப்பணி பயிற்றுவிக்கப்படுகிறது. வாரத்தின் குறிப்பிட்ட நாள்களில் களப்பணி, ஊரக முகாம், மேற்பார்வையாளருடன் கலந்துரையாடல் ஆகியன மதிப்பெண்ணுக்கு உரியவை. களம் பட்டத்தினுள் வந்துவிட்டது. மாணவரும் மாறியுள்ளனர். ஒருகாலத்தில் வினாநிரலுக்கு விடை சொல்லும் இடத்தில் மட்டுமே இருந்த குடும்பங்களின் பிள்ளைகள், குறிப்பாகப் பெண்கள், இன்று வினாநிரலைக் கையில் ஏந்திச் செல்கின்றனர். கூலி உழைப்பின் சார்பிலிருந்து விடுபட்ட தலித் குடும்பங்களையும் தளர்ந்துபோன நிலவுடைமை ஆதிக்கத்தையும் 2008-ஆம் ஆண்டு ஆய்வு இருவேல்பட்டில் கண்டது. அம்மாற்றத்தை உள்ளிருந்து எழுதத் தக்கவர் இவர்களே.

ஆனால் அவர்கள் எழுதும் களப்பணிப் பதிவேடு என்னவாகிறது? மேற்பார்வையாளர் கையொப்பமிடுகிறார், வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் புரட்டிப் பார்க்கிறார், மதிப்பெண் பதிவானதும் அது பெரும்பாலும் மாணவரின் வீட்டுப் பரணுக்கோ பழைய தாள் கடைக்கோ போய்ச்சேர்கிறது. 1916-இன் குறிப்புகள் அச்சேறியதனால்தான் 1936-இலும் 2008-இலும் பிறர் அவற்றுடன் வாதிட முடிந்தது. ஊர்ப்பெயரும் ஆண்டும் குறித்து, தகவல் தந்தோரின் அடையாளத்தை மறைத்து, தெரிந்தெடுத்த பதிவேடுகளைத் துறை நூலகத்தில் வரிசைப்படுத்தி வைக்க ஓர் அலமாரியும் ஒரு பட்டியலும் போதும்.