கலாலே சூரிய ஆற்றல் பாசனத் தோட்டங்கள்

கலாலே சூரிய ஆற்றல் பாசனத் தோட்டங்கள் என்பவை, மேற்கு ஆப்பிரிக்க நாடான பெனினின் வடகிழக்கில் உள்ள கலாலே வட்டாரத்தில் பெண்கள் குழுக்கள் பயிரிடும் காய்கறித் தோட்டங்கள் ஆகும். சூரிய மின்னாற்றலால் இயங்கும் நீரேற்றியையும் சொட்டு நீர்ப்பாசனத்தையும் இணைத்து இவை அமைக்கப்பட்டன. முதல் மூன்று தோட்டங்கள் 2007ஆம் ஆண்டு பெசாசி, துன்காசா ஆகிய இரண்டு சிற்றூர்களில் நிறுவப்பட்டன. பாசனம் ஒரு கிராமத்தின் உணவுப் பாதுகாப்பை எவ்வளவு மாற்றுகிறது என்பதை வீடுவீடாக அளந்து பார்த்த ஆய்வு இங்கு நடைபெற்றதால், வேளாண் ஆராய்ச்சியில் இவை அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகின்றன.

பின்னணி

கலாலே, போர்கூ மாவட்டத்தில் நைசீரிய எல்லையை ஒட்டி அமைந்துள்ளது. பரிபா, புலானி முதலிய இன மக்கள் இங்கு வாழ்கின்றனர். சோளம், மக்காச்சோளம், வள்ளிக்கிழங்கு ஆகியவை முதன்மை உணவுப் பயிர்கள், பருத்தி பணப்பயிர். ஆண்டில் ஏறத்தாழ ஆறு மாதங்களே மழை உண்டு. எஞ்சிய மாதங்களில் வயல்கள் தரிசாகக் கிடக்கும். களஞ்சியத்தில் தானியம் இருக்கும் வீட்டிலும் அக்காலத்தில் காய்கறி அரிதாகிவிடும். சந்தையில் அதன் விலையும் ஏறிவிடும். சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவில் பயிர் நிலத்தின் 4 விழுக்காடு மட்டுமே பாசன வசதி பெற்றது என்பதைக் கொண்டு நோக்கினால், இது கலாலேக்கு மட்டும் உரிய நிலை அன்று.

பாசனம் அறவே இல்லாமல் இருந்ததில்லை. பெண்கள் கிணற்றிலிருந்தும் ஓடையிலிருந்தும் நீர் சுமந்து வந்து சிறு பாத்திகளுக்கு ஊற்றி வந்தனர். இதன் சுமையை ஓர் எளிய கணக்கால் உணரலாம். 120 சதுர மீட்டர் பாத்திக்கு நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீர் பாய்ச்ச 600 லிட்டர் தேவை. 15 லிட்டர் கொள்ளும் குடத்தால் 40 குடம். எனவே, ஒரு பெண் எவ்வளவு பயிரிடலாம் என்பதை முடிவு செய்தது நிலத்தின் அளவு அன்று, அவர் சுமக்கக்கூடிய நீரின் அளவே.

அமைப்பு

அமெரிக்காவைச் சேர்ந்த சூரிய மின்விளக்கு நிதியம் என்னும் தொண்டு நிறுவனம் இத்தோட்டங்களை அமைத்தது. பாசன முறை, இக்ரிசாட் ஆராய்ச்சி நிறுவனத்தின் நைசர் நாட்டு மையத்தில் தோவ் பாசுடர்நாக் என்னும் அறிவியலாளர் வளர்த்தெடுத்த "ஆப்பிரிக்கச் சந்தைத் தோட்டம்" என்ற முறையைத் தழுவியது. இக்ரிசாட்டின் தலைமையகம் இந்தியாவில் ஐதராபாத்துக்கு அருகே பட்டாஞ்செருவில் உள்ளது.

சூரியத் தகடுகள் தரும் மின்னாற்றல், ஓடையிலிருந்தோ ஆழ்துளைக் கிணற்றிலிருந்தோ நீரை ஒரு தொட்டிக்கு ஏற்றுகிறது. தொட்டி நிலமட்டத்தைவிடச் சற்று உயரத்தில் இருப்பதால், புவியீர்ப்பு ஒன்றினாலேயே நீர் குழாய்களில் இறங்கிச் சொட்டுவான்கள் வழியாகச் செடியின் வேரடியில் விழுகிறது. மின்கல அடுக்கு எதுவும் இல்லை. சேமிக்கப்படுவது மின்சாரம் அன்று, நீரே. வெயில் கடுமையாக உள்ள நாளில் பயிருக்கு நீர் மிகுதியாகத் தேவைப்படும். அதே நாளில்தான் நீரேற்றியும் மிகுதியாக இறைக்கும். மேகமூட்டமான நாளில் இரண்டும் குறையும். இந்தத் தானியங்குப் பொருத்தமே இம்முறையின் சிறப்பாகும். விரைவில் தேய்ந்து பழுதாகும் மின்கல அடுக்குகள் இல்லாததால், தொலைவிலுள்ள ஊர்களில் பராமரிப்பும் எளிதாகிறது.

ஒவ்வொரு தோட்டமும் அரை எக்டேர் பரப்புடையது. 30 முதல் 35 பெண்கள் கொண்ட ஒரு குழு அதனைப் பகிர்ந்துகொள்கிறது. ஒவ்வொருவருக்கும் ஏறத்தாழ 120 சதுர மீட்டர் தனிப் பாத்தி உண்டு. தக்காளி, வெண்டை, கத்தரி, மிளகாய், கீரை வகைகள் போன்றவை பயிரிடப்படுகின்றன.

ஆய்வு முடிவுகள்

இசுடான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செனிபர் பர்னி உள்ளிட்ட ஆய்வாளர்கள், தோட்டம் அமைந்த இரண்டு ஊர்களையும், குடத்தால் நீர் ஊற்றும் பெண்கள் குழுக்கள் இருந்த வேறு இரண்டு ஊர்களையும் ஒப்பிட்டனர். ஆய்வு 2010இல் வெளியானது. ஒரு தோட்டம் சராசரியாக மாதம் 1.9 தொன் விளைச்சல் தந்தது. பெண்கள் எடையில் 18 விழுக்காட்டை வீட்டுக்கு வைத்துக்கொண்டு மீதியை உள்ளூர்ச் சந்தையில் விற்றனர். தொடர்ந்து உணவுப் பற்றாக்குறையில் இருப்பதாகத் தாமே உணரும் வாய்ப்பு இக்குடும்பங்களில் 17 விழுக்காடு குறைவாக இருந்தது.

இங்குக் கவனிக்க வேண்டியது, பசி தணிந்தது காய்கறியை உண்டதால் மட்டும் அன்று என்பதாகும். விற்ற பணத்தைக் கொண்டு வறண்ட காலத்தில் தானியமும் பருப்பும் புரத உணவும் கூடுதலாக வாங்கப்பட்டன. ஆகவே தோட்டத்துக்கு நீர் எவ்வளவு முதன்மையானதோ, சந்தையும் அவ்வளவு முதன்மையானது.

சிக்கல்கள்

முதலீடே பெரிய தடை. ஒரு தோட்டத்தை அமைக்க ஏறத்தாழ 18,000 அமெரிக்க டாலர் செலவானது. 2.3 ஆண்டுகளில் இத்தொகை மீளும் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டபோதிலும், நன்கொடையோ கடனோ இன்றி ஒரு பெண்கள் குழு அதைத் திரட்ட இயலாது. பெட்ரோல் நீரேற்றி வாங்க மலிவானது. ஆனால் எரிபொருள் செலவு ஓயாதது. நைசீரியாவிலிருந்து கடத்தி வரப்பட்டுச் சாலையோரங்களில் புட்டிகளில் விற்கப்படும் பெட்ரோலையே பெனினில் பலர் நம்பியிருந்தனர். 2023இல் நைசீரியா எரிபொருள் மானியத்தை நிறுத்தியபோது அதன் விலையும் உயர்ந்தது. சூரியத் தகடுகளின் விலையோ 2007க்குப் பின் பெருமளவு சரிந்துவிட்டது.

மேற்கூறிய அளவீடுகள் முதலாண்டைச் சார்ந்தவை. மூன்று தோட்டங்களை மட்டுமே உள்ளடக்கியவை. ஒரே வட்டாரத்தில் தோட்டங்கள் பெருகினால் காய்கறி விலை சரியக்கூடும். ஆழ்துளைக் கிணற்று நீரை இறைக்கும் இடங்களில், மழைக்காலத்தில் ஊறும் அளவுக்கு மேல் எடுக்காமல் இருப்பதும் இன்றியமையாதது. வெயில் உள்ளவரை இறைப்பதற்குக் கூடுதல் செலவு இல்லை என்பதால், இக்கட்டுப்பாட்டைக் குழுவினர் தாமே வகுத்துக்கொள்ள வேண்டியுள்ளது.