ஸ்மார்ட் சிட்டி, கொச்சி

கொச்சி காக்கநாட்டில் 246 ஏக்கரில் திட்டமிடப்பட்ட தகவல் தொழில்நுட்ப நகரம். வேலைவாய்ப்பை அரசு எப்படி உருவாக்க வேண்டும் என்பதில் கேரளத்தின் இரு முன்னணிகளும் நெடுங்காலம் மோதிய களம். 2005இல் உம்மன் சாண்டியின் ஐக்கிய ஜனநாயக முன்னணி அரசு துபாயின் டீகாம் நிறுவனத்துடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தது. அரசுக்குச் சொந்தமான இன்ஃபோபார்க்கையும் சேர்த்துக் கொடுக்கும் அந்த ஏற்பாட்டை இடது ஜனநாயக முன்னணியைச் சேர்ந்த எதிர்க்கட்சித் தலைவர் வி.எஸ். அச்சுதானந்தன் கடுமையாக எதிர்த்தார். முதல்வரானதும் பேரம் பேசி, இன்ஃபோபார்க்கை விட்டுக்கொடுக்காமல் 2007இல் புதிய ஒப்பந்தம் செய்தார்: பத்தாண்டில் 90,000 வேலை, அரசுக்கு 16 சதவீதப் பங்கு. பேரத்தில் வென்றவர் அவர்தான். வேலைகள் மட்டும் வரவில்லை. 2016இல் திறக்கப்பட்டது ஆறரை லட்சம் சதுர அடியில் ஒரேயொரு கட்டடம். 2024 டிசம்பரில் பினராயி விஜயனின் இடது ஜனநாயக முன்னணி அரசு டீகாமை இழப்பீடு கொடுத்து விலக்க முடிவெடுத்தபோது, சொன்னதைச் செய்யாத நிறுவனத்துக்கு இழப்பீடு எதற்கு என்று ஐக்கிய ஜனநாயக முன்னணி கேட்டது.